பதினோராம் பக்கம்

எருத்தேம்பதி,
விஜயதசமி, மத்தியானம்.

அன்புள்ள மாப்பிள்ளை மோகனசுந்தரத்துக்கு, உங்கள் அக்காள் புருஷன் அர்த்தநாரி, இரண்டு காலையும் தரையில் நன்றாக ஊன்றி உட்கார்ந்துகொண்டு எழுதுவது.

இங்கே நான், உங்கள் அக்கா நாச்சம்மாள், மகள் அனுப்பிரியா, எருமை இரண்டு, கன்றுக்குட்டி ஒன்று எல்லோரும் சுகம். கஞ்சிக்கோட்டில் நீங்களும் தங்கச்சி ஜீவிதாவும் சுகமாக இருக்க மாகாளியம்மன் துணை. எருமைக்கு முன்னால் உங்கள் அக்காவின் பேரை எழுதியிருக்கிறேன் என்பதைக் கவனிக்கவும். அவள் மேல் எனக்குள்ள மரியாதை அப்படி.

மச்சான் என்ன போன் பண்ணாமல் கடிதாசி எழுதுகிறார் என்று யோசிப்பீர்கள். என்னுடைய போன் நாற்பது அடி உயரத்திலிருந்து கீழே விழுந்து, விழுந்த இடத்தில் ஒரு கல்லும் இருந்து, இப்போது தீப்பெட்டிக்குள் போட்டு வைத்திருக்கிறேன். அனுப்பிரியாவின் போனில் பேசலாம்தான். ஆனால் பேசுகிற விஷயம் உங்கள் அக்கா காதில் விழக்கூடாத விஷயம். அவளுக்குக் காது எவ்வளவு கூர்மை என்று தம்பியான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நேரில் வரலாம் என்றால் இரண்டு தொடையும் உரல் மாதிரி வீங்கி, பைக்கில் காலைத் தூக்கிப் போட முடியவில்லை. அதனால் மேசை மேல் கிடந்த நாலு தாளை எடுத்து எழுத உட்கார்ந்துவிட்டேன். பின்பக்கம் மலையாளத்தில் என்னவோ அச்சடித்திருக்கிறது, அனுப்பிரியாவின் பழைய பள்ளிக்கூடத் தாளாக இருக்கும், நீங்கள் அதைப் பார்க்க வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் போன மாதம் வாங்கி, எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டு, "மச்சான், நான் வர்ற வரைக்கும் தொடாதீங்க, தொட்டாலும் பொஸ்தகத்தைப் படிச்சுட்டுத் தொடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனீர்களே, தென்னை மரம் ஏறுகிற மிஷின், அதை நான் தொட்டுவிட்டேன். மிஷின் நல்ல நிலைமையில் இருக்கிறது. கேட்பதற்கு முன்னால் அதைச் சொல்லிவிடுகிறேன். என் நிலைமையைத்தான் இனிமேல் சொல்லப் போகிறேன், கடைசியில் உங்களிடம் ஓர் உதவியும் கேட்கப் போகிறேன், மறுக்கக்கூடாது.

நீங்கள் கம்பெனியில் வேலைக்குப் போனதிலிருந்து ஒரு டார்ச் லைட் வாங்கினாலும் கூட வருகிற துண்டுக் காகிதத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கிறவர். உங்களுக்கு இந்த ஊரில் நோட்டீஸ் மாப்பிள்ளை என்று பேர் வைத்தது ஆர் என்று நீங்கள் தேடிக்கொண்டிருந்தால், அது நான்தான். ஒரு மிஷினைப் படிக்க என்ன இருக்கிறது, மாட்டுக்குக் கூடத்தான் புத்தகம் இல்லை, கறக்கவில்லையா என்று கேட்கிற ஆள் நான். இருந்தாலும் உங்கள் வார்த்தைக்கு மரியாதை கொடுத்து அந்தப் புத்தகத்தைப் பிரித்துப் பார்க்காமல் இல்லை. முழுக்க மலையாளம். எனக்குப் பேச வரும், எழுத்து ஜாங்கிரி மாதிரிதான் தெரியும். நம்ம தமிழே ஐந்தாவதோடு சரி. ஆனால் முதல் பத்துப் பக்கத்துக்கும் படம் போட்டிருந்தது. ஒரு ஆள் தொப்பி போட்டுக்கொண்டு சிரித்தபடி மரத்தில் ஏறிப் போகிறான். கம்பிக் கயிற்றை மரத்தைச் சுற்றி மாட்டுகிறான், வலது கையும் வலது காலும் மேலே, அப்புறம் இடது கையும் இடது காலும் மேலே. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பதினோராம் பக்கத்திலிருந்து வெறும் எழுத்து, அதுவும் தாளுக்கு ஒரு பக்கம்தான். படமே இல்லாத இடத்தில் என்ன பெரிய விஷயம் இருக்கப் போகிறது என்று மூடி வைத்துவிட்டேன். கூட வந்த பட்டைக் கயிறு எதற்கென்று தெரியவில்லை. கன்றுக்குட்டி கழுத்துக்குப் போட்டுப் பார்த்தேன், அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

அஷ்டமி சாயங்காலம் பூஜை வைத்தோம். நம்ம ஊர்ப் பழக்கம் உங்களுக்குத் தெரியும், புத்தகத்தை எல்லாம் சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கிவிட்டால் விஜயதசமி காலையில் எடுக்கிற வரைக்கும் ஒரு எழுத்தைப் படிக்கக்கூடாது, பஸ் போர்டைக் கூட நிமிர்ந்து பார்க்கக்கூடாது. உங்கள் அக்கா வீட்டில் அச்சடித்த எதையும் விடவில்லை. அனுப்பிரியாவின் பிளஸ் டூ புத்தகம், ரேஷன் கார்டு, கிருஷிபவன் விவசாய ஆபீசில் கொடுத்த உரச் சீட்டு, எல்லாவற்றுக்கும் அடியில் உங்கள் மிஷின் புத்தகம். கடைசியில் அனுப்பிரியாவின் போனையும் பிடுங்கி, "இதுலதானே படிக்கறே, இதும் பொஸ்தகம்தான்" என்று சந்தனப் பொட்டு வைத்து மேலே வைத்துவிட்டாள். பிள்ளை அன்றைக்கு ராத்திரி அழுததைப் பார்த்து ஆரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

மறுநாள் நவமி, ஆயுத பூஜை. காலையில் எட்டு மணிக்கு உங்கள் அக்கா, "ஏனுங்க, பூசைக்குத் தேங்கா இல்லீங்க, கடைக்குப் போயிட்டு வந்துருங்க" என்கிறாள். தேங்காய் போடுகிற நல்லதம்பி பத்து நாளாக வரவில்லை, மச்சினன் கல்யாணமாம். அறுபது மரம் வைத்திருக்கிறவன் வேலந்தாவளத்தில் கடைவாசலில் நின்று தேங்காய் வாங்கினால், அதை விட மொட்டை அடித்துக்கொண்டு கோவிலைச் சுற்றலாம். மிஷின் சும்மா நிற்கிறது. மத்தியானத்துக்கு மேல்தான் அதற்குப் பொட்டு வைக்கப் போகிறார்கள், அதற்கு முன்னால் ஒரு தடவை தொட்டால் தோஷம் இல்லை. "அதுக்கு ஏன் கடைக்குப் போகோணும்? உன்ற தம்பி வாங்குன குதிரை சும்மாதான் நிக்குது" என்று சொல்லிவிட்டு, ரோட்டோரத்துச் சாய்ந்த மரத்துக்குப் போனேன்.

ஏறினது எப்படி என்று கேட்காதீர்கள் மாப்பிள்ளை. பொய் சொல்லவில்லை, படத்தில் இருக்கிற ஆள் தோற்றான். அணில் ஒன்று என்னைப் பார்த்து வழி விட்டது. மேலே போய் நாலு தேங்காய் போட்டேன், கீழே அனுப்பிரியா கை தட்டினாள். அதுவரைக்கும் எல்லாம் படத்தில் இருந்தபடி நடந்தது. அப்புறம் இறங்க வேண்டும் என்று காலை வைத்தேன். மிஷின் அசையவில்லை. மிதித்தேன். இறுகியது. இன்னும் ஓங்கி மிதித்தேன், எங்கள் கல்யாணத்தில் உங்கள் அக்கா என் கையைப் பிடித்த மாதிரி மரத்தைப் பிடித்துக்கொண்டது. மேலே போகப் போக மரம் ஒல்லியாகிவிடும், கயிற்றை நடுவில் சுருக்கிக்கொண்டே போக வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அதனால் மிஷின் ஒரு பக்கமாகச் சாய்ந்து, நானும் சாய்ந்து, சட்டைப் பையில் இருந்த போனும் சாய்ந்து, டப்பென்று சத்தம் மட்டும் கேட்டது. கீழே பார்த்தேன். ரோட்டில் போகிற பஸ்ஸின் தலை தெரிகிறது. மரத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன்.

"அனூ, அந்தப் பொஸ்தகத்தை எடுத்துட்டு வா சாமி, எறங்கறது எப்படீன்னு படிச்சுச் சொல்லு" என்றேன். பிள்ளை ஓடினாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள், பின்னாலேயே உங்கள் அக்கா.

"பொஸ்தகம் பூசையில இருக்குதுங்க."

"தெரியும். அதைத்தான் எடுக்கச் சொல்றேன்."

"பூசையில வெச்ச பொஸ்தகத்தை நடுவுல எடுத்தா பிள்ளைக்குப் படிப்பு வராதுங்க. பிளஸ் டூங்க."

"அது பொஸ்தகம் இல்லடி, மிஷினோட சேர்ந்தது. ஆயுதம்னு வெச்சுக்கோ."

"ஆயுதம்னா அதையும் இன்னைக்குத் தொடக் கூடாதுங்க."

"அப்ப நான் எப்பத்தான் எறங்கறது?"

"விஜயதசமி காலைல ஏழு மணிக்கு எடுத்துருவோமுங்க" என்றாள் மாப்பிள்ளை, உங்களோடு கூடப் பிறந்தவள். "ஒரு நாள்தானே. சோத்தைக் கயித்துல கட்டி அனுப்பட்டுங்களா?"

நான் மேலே இருக்கிறேன், சிரிக்கவும் பயம், திட்டவும் பயம். கை வழுக்க ஆரம்பித்துவிட்டது. உண்மையாகவே சொல்கிறேன், அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு விளையாட்டாக இல்லை. அவளுக்கும் தெரிந்திருக்கும், முகம் வெளுத்துப் போய்த்தான் நின்றாள். ஆனாலும் வாயைப் பாருங்கள், அந்த நேரத்திலும் காரியத்தை விடவில்லை. "நல்லபடியா எறங்கினீங்கன்னா காந்தலூர் கூட்டிட்டுப் போவீங்களா?" என்று கேட்டாள். பத்து வருஷமாக அவளுடைய சித்தி மகள் செல்வலட்சுமி அங்கே ஆப்பிள் தோட்டத்தைப் பார்க்க வரச்சொல்லி வருகிறாள், பத்து வருஷமாக நான் மழை, வெயில், எருமை ஈனப்போகிறது என்று சொல்லி வருகிறேன். "போலாம்" என்றேன். "நாலு நாள் தங்கோணும்." "தங்கலாம்." "சத்தியமா?" "இந்தத் தென்னை மேல சத்தியம்" என்றேன். வேறு எதையும் தொடக் கை இல்லை.

அந்தச் சத்தியம் வாங்கின கையோடு உள்ளே போனவள் என்ன செய்தாள் தெரியுமா? மாப்பிள்ளை, உங்கள் அக்கா பெரிய வக்கீலாக வந்திருக்க வேண்டியவள். புத்தகத்தைப் பூஜையிலிருந்து எடுக்கத்தானே கூடாது? பூஜையையே எடுத்து வந்துவிட்டாள். சரஸ்வதி படம், விளக்கு, பொரி, அவல், புத்தகக் கட்டு, மேலே அனுப்பிரியாவின் போன், எல்லாம் மணைப் பலகையோடு தாயும் மகளும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, பல்லக்கு மாதிரி கொண்டுவந்து தென்னை மரத்தடியில் இறக்கினார்கள். அடியில் இருந்த புத்தகத்தை அங்குலம் நகர்த்தாமல், மேலே இருந்ததை மட்டும் சாமி பக்கம் தள்ளி வைத்தாள். "பொஸ்தகம் பூசையிலதான் இருக்குது. நாங்க படிக்கக் கூடாது. மதலேனக்காவைக் கூப்பிடு" என்றாள்.

பக்கத்துத் தோட்டத்து மதலேனம்மாள் அக்காவுக்குப் பூஜை வைப்பு கிடையாது, கோயில் வேறே. மலையாளம் மணி மணியாகப் படிப்பார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாசிக்கிறவர் அவர்தான். வந்து, சேலைத் தலைப்பைத் தலைக்குப் போட்டு, விளக்கு முன்னால் முட்டி போட்டு, புத்தகத்தை எடுக்காமல் வைத்த இடத்திலேயே விரித்து, அட்டையிலிருந்து ஆரம்பித்தார். மலையாளத்தில் ஒரு வரி, எனக்காகத் தமிழில் ஒரு வரி.

"அன்பான உபபோக்தாவே!"

"அது ஆருங்க்கா?"

"நீங்கதான் அண்ணா. வாங்கினவங்க."

"வாங்கினது என்ற மாப்பிள்ளை. நான் சும்மா ஏறினவன். பதினோராம் பக்கம் போங்க்கா!"

"நடுவுலிருந்து வாசிக்கிற பழக்கம் எனக்கில்லை" என்றார். "ஏறுமுன் இந்தப் புத்தகத்தை முழுதும் வாசிக்கவும்."

கீழே கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒருத்தரும் சிரிக்கவில்லை, அவர் வாசிக்கிற குரல் அப்படி. மூன்றாம் பக்கம், ஏறுகிறவருக்குக் கீழே விவரம் தெரிந்த ஒருவர் எப்போதும் நிற்க வேண்டும். நாலாம் பக்கம், எண்பது கிலோவுக்கு மேல் உள்ளவர்கள் ஏறக்கூடாது. "எண்பத்தி நாலுங்க" என்று உங்கள் அக்கா கேட்காமலே சொன்னாள். ஐந்தாம் பக்கம், இடுப்புப் பட்டை இல்லாமல் ஓர் அடி கூட ஏறக்கூடாது. எல்லோரும் திரும்பிக் கன்றுக்குட்டியைப் பார்த்தார்கள். அது ரொம்பப் பத்திரமாக நின்று பொரி தின்றுகொண்டிருந்தது. ரோட்டில் போன பஸ்ஸில் இரண்டு பேர், மரத்தடியில் விளக்கையும் மேலே என்னையும் பார்த்து, என்ன சாமி என்று தெரியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள். உங்கள் அக்கா அந்த நேரம் பார்த்துக் கற்பூரத்தைக் கொளுத்தி மூன்று சுற்று மேலே காட்டினாள். சரஸ்வதிக்கா எனக்கா என்று இன்னும் சொல்லவில்லை.

கடைசியில் பதினோராம் பக்கம் வந்தது. மிஷின் நம்ம எடையில்தான் மரத்தைக் கவ்வுகிறதாம். மிதிக்க மிதிக்கக் கவ்வும். இறங்க வேண்டுமானால் மிதிக்கவே கூடாது. முழு எடையையும் இடது காலுக்குக் கொடுத்துவிட்டு, வலது காலின் நுனியால் மிதியை லேசாகத் தூக்கினால் தானாக விடும். ஒரு சாண் இறக்கி, மறுபடி எடை கொடுத்து, அப்புறம் இடது. அவ்வளவுதான். ஒன்றரை மணி நேரம் நான் மல்லுக்கட்டினது, ஓர் இணுக்கு தூக்க வேண்டிய இடத்தில் மிதித்ததற்காக. மதலேனம்மாள் அக்கா வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்க, நான் சாண் சாணாக இறங்கி, தரையில் கால் வைத்ததும் கூட்டம் முழுக்கக் கை தட்டியது. அக்கா மட்டும் விடவில்லை, "இன்னும் நாலு பக்கம் இருக்குது, உட்காருங்க" என்று கேரண்டி வரைக்கும் வாசித்து ஆமென் சொல்லித்தான் எழுந்தார். நானும் உட்கார்ந்து கேட்டேன் மாப்பிள்ளை. தரையில் உட்கார்ந்து கேட்டால் எதுவும் இனிமையாகத்தான் இருக்கிறது.

ஆகையால் உங்களுக்கு நான் எழுதிக்கொடுப்பது என்னவென்றால், நீங்கள் சொன்னதுதான் சரி. ஏறுகிற படத்தை மட்டும் பார்க்கிறவன் மரத்தில்தான் குடியிருக்க வேண்டும். இனிமேல் இந்த வீட்டில் எந்த மிஷின் வந்தாலும் முதலில் புத்தகம், அப்புறம்தான் கை. ஒரு தாளைக் கூட மடிக்காமல், கிழிக்காமல் பெட்டியில் வைத்துக் காப்பாற்றுவேன். நோட்டீஸ் மாப்பிள்ளை என்ற பேரையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

இப்போது உதவி. அந்தக் காந்தலூர்ச் சத்தியம். உடுமலை தாண்டி மறையூர் வரைக்கும் கொண்டை ஊசி வளைவு. எனக்குப் பஸ்ஸில் இரண்டு வளைவு திரும்பினாலே குடல் வெளியே வந்துவிடும் என்பது இந்த உலகத்தில் எனக்கு மட்டும் தெரிந்த ரகசியம், இப்போது உங்களுக்கும். இந்தப் பத்து வருஷமும் நான் சொன்ன மழையும் எருமையும் அதற்காகத்தான். நாலு நாள் உங்கள் அக்காவின் பேச்சும் வளைவும் ஒன்றாகச் சேர்ந்தால் நான் தாங்க மாட்டேன். மரத்தின் மேல் கொடுத்த வாக்கு தரையில் செல்லாது என்பது என் அபிப்பிராயம். அதனால் நீங்கள் ஒரு போன் போட்டு, "அக்கா, சின்னாறு ரோட்டுல யானை நிக்குதாம், இந்த மாசம் ஆரும் போக வேண்டாம்னு சொல்றாங்க" என்று மட்டும் சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்னால் நம்புவாள், நீங்கள்தான் எல்லாம் படித்துவிட்டுப் பேசுகிற ஆள். ஒரு யானை போதும். நம்பாவிட்டால் குட்டியோடு என்று சொல்லவும்.

தங்கச்சிக்கு என் விசாரிப்பு. நம் இருவர் வீட்டிலும் பானை பொங்கி, மிஷினெல்லாம் ஏறின வழியே இறங்கட்டும் என்று வாழ்த்தும்,

உங்கள் மச்சான்
அர்த்தநாரி

பின்குறிப்பு: மாப்பிள்ளை, அவசரமாக எழுதுகிறேன். கவரில் போடத் தாளை மடிக்கும்போது அனுப்பிரியா வந்து, "அப்பா, மிஷின் பொஸ்தகத்துல பத்துக்கு அப்பறம் பதினஞ்சுதான் இருக்குது, பின் கழண்டு கெடக்குது, நடுவுல நாலு தாளைக் காணோம், அம்மா கேக்கறாங்க" என்றாள். எதற்கு என்று கேட்டேன். வெளியே வந்து பாருங்கள் என்றாள்.

உங்கள் அக்கா மரத்தின் மேல் இருக்கிறாள். அனுப்பிரியாவின் விளையாட்டுப் பேன்ட்டைப் போட்டு, மேலே என் பழைய சட்டையைப் போட்டு, கன்றுக்குட்டியிடம் இருந்து பட்டையை வாங்கி இடுப்பில் கட்டி, நடுநடுவே கயிற்றைச் சுருக்கி, எல்லாம் அந்தப் புத்தகத்தில் கேட்டபடி ஏறி, உச்சியில் அரண்மனையில் நிற்கிற மாதிரி நிற்கிறாள். பன்னிரண்டு தேங்காய் போட்டிருக்கிறாள். என்னைப் பார்த்ததும், "எறங்கறதும் மனசுல இருக்குதுங்க. ஆனாலும் பதினோராம் பக்கத்தை ஒருக்கா வாசிச்சுக் கேட்டுட்டு எறங்கறதுதான் முறை" என்றாள். பதினோராம் பக்கம் இந்தக் கடிதத்தின் முதல் தாளுக்குப் பின்னால் இருக்கிறது.

பயப்பட வேண்டாம், அனுப்பிரியா அதை வாங்கி நன்றாகத்தான் வாசித்தாள். வாசித்து முடித்ததும் மேலேயிருந்து, "வெயில்ல பார்த்தா அந்தப் பக்கம் பேனாவுல என்னமோ எழுதியிருக்குதே, அப்பன் கையெழுத்தாட்டம். அதையும் படி சாமி, நான் மெதுவாவே எறங்கறேன்" என்கிறாள். எருமை விஷயம் முடிந்துவிட்டது, மேலேயிருந்து ஒரு இளநீர் என் காலடியில் விழுந்தது. இப்போது இரண்டாவது தாளில் கல்யாணத்தில் கையைப் பிடித்த இடம் போகிறது. யானை நாலாவது தாளில் நிற்கிறது. நாலாவது தாள் என்னிடம்தான் இருக்கிறது, அதில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன், கை நீட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறாள் பிள்ளை.

ஆகையால் மேலே கண்டவை திருத்தப்படுகின்றன. உங்கள் அக்காவின் பேச்சு நாலு நாளுக்குப் போதவே போதாது. மரத்தின் மேல் கொடுத்த வாக்கு தரையில் செல்லும். சின்னாறு ரோட்டில் யானை இல்லை, குட்டியும் இல்லை. எனக்கு வளைவில் ஒன்றும் ஆகாது, புளியங்கொட்டை அளவு இஞ்சியை வாயில் போட்டுக்கொண்டால் போதும். வரும் வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸுக்குக் காந்தலூர் புறப்படுகிறோம் என்று செல்வலட்சுமியிடம் நீங்களே சொல்லிவிடவும். இந்த நாலு தாளும் உங்கள் புத்தகம், படித்துவிட்டுத் திருப்பித் தரவும்.

இப்படிக்கு, மூன்றாம் பக்கத்தில் சொல்லியிருக்கிறபடி, ஏறினவளுக்குக் கீழே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கும்,

அர்த்தநாரி